மலைக்கு விட்ட முப்பதடி

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குக் கொஞ்சம் தள்ளி, ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு சின்ன அலுவலகம் இருக்கிறது. வெளியே போர்டில் கண்ணாயிரம் என்ற இன்ஜினியரின் பெயரும் பட்டமும் இருக்கும். உள்ளே போனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர் கனகலதா. கண்ணாயிரத்துக்கு எழுபது தாண்டிவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் வருவார். மேஜைமேல் இருக்கும் பிளான்களைப் புரட்டுவார், கேட்க வேண்டியதைக் கேட்பார், கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். கோடு போடுவது முழுக்க கனகலதாதான். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான் நடக்கிறது.

கனகலதா வந்தவாசி பக்கத்து சமணக் குடும்பத்துப் பெண். அப்பா ஆதிநாதனுக்கு மூன்று ஏக்கர் நஞ்சை. மகளை டீச்சர் ட்ரெய்னிங் சேர்க்கத்தான் நினைத்தார். விண்ணப்பம் வாங்கப் போன அன்று கடைசித் தேதி முடிந்து நான்கு நாளாகியிருந்தது. வந்ததற்கு ஏதாவது ஒன்றில் சேர்த்துவிட்டுப் போகலாம் என்று பாலிடெக்னிக்கில் கேட்டார். சிவிலில் இடம் இருந்தது. நாற்பது பேர் வகுப்பில் இரண்டே பெண்கள். அதில் ஒருத்தி பாதியில் கல்யாணம் ஆகிப் போய்விட்டாள். கனகலதா முடித்தார். பிறகு திருவண்ணாமலையில் தபால் ஆபீசில் வேலை பார்த்த நிர்மலைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவர், இங்கேயே தங்கிவிட்டார்.

பிளான் போட வருகிறவர்களிடம் அவர் கேட்கும் கேள்விகள் சிலருக்குச் சிரிப்பாக இருக்கும். வீட்டில் மொத்தம் எத்தனை ஜோடி செருப்பு? மழைக்காலத்தில் ஈரத்துணி எங்கே காயப் போடுவீங்க? ராத்திரி சாப்பாடு எத்தனை மணிக்கு? "வீடு கட்டத்தான் வந்தோம், பொண்ணு பார்க்க இல்ல" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். ஆனால் வீடு கட்டி முடித்த பிறகு அப்படி யாரும் சொன்னதில்லை.

2021 கடைசியில் ஆதிமூலம் வந்தார். கீழ்பென்னாத்தூரில் கடலைக்காய் மண்டி வைத்திருப்பவர். அவர் வீட்டுக்கும் பிளான் போட்டது கனகலதாதான்.

"லதாம்மா, வேலூர் ரோட்டுல எங்க வீட்டுக்காரி பேர்ல ஏழு ஏக்கர் இருக்குது. மனையா பிரிச்சு வித்துட்டுப் போறதுக்குப் பதிலா வீடாவே கட்டிக் கொடுக்கலாம்னு இருக்கேன். நாப்பத்தாறு வீடு. ரோட்டோரமா ஒரு காம்ப்ளெக்ஸ். கீழ கடை, நடுவுல சின்னதா ஒரு ஹால், அதுக்கு மேல ரூம்பு. பௌர்ணமிக்கு ரூம்பு கெடைக்காம ஜனங்க அல்லாடுதே, பாக்குறல்ல?"

"இவ்ளோ பெருசா நான் போட்டதில்லைங்கண்ணா."

"எங்க வீடு பத்து மழைக்காலம் பாத்துடுச்சு. ஒரு சொட்டு ஒழுகல. நீயே போடு."

நிலம் ரோட்டுக்குக் கிழக்கே இருந்தது. ரோட்டைத் தாண்டி மேற்கே, கொஞ்சம் தெற்கே தள்ளி, மலை. ஆதிமூலம் நிலத்தில் ஒரு போர்டை நட்டுத் தன் ஃபோன் நம்பரை எழுதிவைத்தார். அன்றைக்கே விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். என்ன விலை என்று கேட்பதற்கு முன்னாலேயே எல்லோரும் கேட்டது ஒன்றுதான். வீட்டிலிருந்து மலை தெரியுமா? பிள்ளைகள் ஓசூரிலும் பெங்களூரிலும் இருக்கிறவர்கள், ரிட்டயர் ஆகப்போகிறவர்கள், இதே ஊரில் வாடகைக்கு இருந்து சலித்தவர்கள் எல்லோரும் அதையே கேட்டார்கள். "தெரியும், தெரியும்" என்று ஆதிமூலம் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கனகலதா அதைச் சோதித்துப் பார்க்க நினைத்தார். சர்வே எடுக்கும் வல்லரசுவை வைத்து, காம்ப்ளெக்ஸ் வரப்போகும் இடத்தில் மூங்கில்களை ஒன்றோடொன்று கட்டி உயரமாக நிறுத்தினார். மூன்று மாடி முடிந்தால் எந்த உயரம் வருமோ அந்த இடத்தில் சிவப்புத் துணி. பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் ஏணியும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மனையாகப் போனார். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். ஹாலில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவது அது. ஏணியில் ஏறி நின்று பார்த்தார். மாடி பால்கனியில் நிற்பவருக்குத் தெரிவது. வல்லரசு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தான். நான்கு நாள் ஆனது.

"அக்கா, பத்தொன்பது வீட்டுக்கு ஒண்ணுமே தெரியாது" என்றான் வல்லரசு. "துணிக்கு மேல வானம்தான்."

கனகலதா திரும்பவும் வரைந்தார். காம்ப்ளெக்ஸை நடுவில் இரண்டாகப் பிரித்து முப்பதடி இடைவெளி விட்டார். குடியிருப்புக்குள் போகும் பெரிய தெரு அந்த இடைவெளி வழியாக நுழைய வேண்டும். தெருவை மலை இருக்கும் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்தார். உயரமான ரூம்புகளை வடக்குக் கட்டிடத்துக்குத் தள்ளினார். தெற்குக் கட்டிடம் ஒரு மாடி குறைந்தது. இப்படிச் செய்தால் நாற்பத்தாறு வீட்டுக்கும் எங்காவது ஓர் இடத்தில், ஹாலிலோ பால்கனியிலோ மாடிப்படித் திருப்பத்திலோ, மலை தெரிந்தது.

ஆதிமூலம் பிளானை நெடுநேரம் பார்த்தார். "நடுவுல மூணு கடை போச்சு. மேல ஆறு ரூம்பு போச்சு. தெற்குல ஒரு மாடியே போச்சு. இன்னா லதாம்மா இது?"

"ஃபோன்ல கேக்குறவங்களுக்கெல்லாம் மலை தெரியும்னு சொல்லிட்டீங்கண்ணா. சொன்னது உண்மையா இருக்கணுமில்ல?"

அவர் பிளானைச் சுருட்டிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் மனைவி பச்சையம்மாளுடன் நிலத்துக்கு வந்தார். மூங்கில்கள் அப்படியே நின்றன. பச்சையம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சிவப்புத் துணியைப் பார்த்தார். எழுந்து வேறு மனையில் நாற்காலியைப் போட்டு அங்கேயும் உட்கார்ந்தார்.

"நிலம் என் பேர்ல இருக்குது" என்றார் கணவரிடம். "மலையை மறைச்சுக் கட்டுனது இன்னாரு பொண்டாட்டின்னு நாளைக்கு என்னத்தான் சொல்லுவாங்க. அந்தப் பொண்ணு போட்ட மாதிரியே கட்டு."

அதோடு முடிவானது. அப்ரூவல் வந்தது, வேலை ஆரம்பித்தது. வீடு பதிவு செய்ய வந்தவர்களிடம் கனகலதாவே பிளானை விரித்து, எந்த இடத்தில் நின்றால் மலை எவ்வளவு தெரியும் என்று காட்டினார். ஒரே மாதிரி நாற்பத்தாறு வீடு கட்டினால் ஆதிமூலத்துக்குச் சுலபம்தான். ஆனாலும் உள்ளே சின்னச் சின்ன மாற்றம் கேட்டவர்களுக்கு கனகலதா செய்து கொடுத்தார்.

அப்படி அதிகம் மாற்றியது ஐந்தாம் நம்பர் வீடு. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அருணாதேவி பதிவு செய்தது அது. அவர் கணவர் ஆதவன், கீழ்பென்னாத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் வேன் ஓட்டியவர். ஒரு விபத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டு ஆறு வருஷமாகச் சக்கர நாற்காலியில் இருந்தார். வாடகை வீட்டில் அவருடைய கட்டில் ஒரு சுவரைப் பார்த்து இருந்தது. கனகலதா வாசலில் சரிவுப் பாதை வைத்தார். கதவுகளை மூன்றரை அடியாக்கினார். கட்டில் வரும் இடத்தில் ஜன்னலைத் தரையிலிருந்து இரண்டே அடி உயரத்தில் ஆரம்பித்தார். படுத்தபடி தலையைத் திருப்பினால் எதிரே முப்பதடி இடைவெளி. அதில் மலை.

2023 ஆவணியில் காம்ப்ளெக்ஸ் இரண்டு பக்கமும் முதல் மாடி எழும்பியிருந்த நேரம், சென்னையிலிருந்து ஒரு சூப்பர் மார்க்கெட் கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்தார்கள். கீழ்த்தளம் முழுக்க எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். ஆனால் கடை ஒரே நீளமாக, இடையில் பிரியாமல் இருக்க வேண்டும். இடைவெளியை மூடித் தரச் சொன்னார்கள். தெருவின் நுழைவாயிலை வடக்கு ஓரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், அங்கே இடம் இருக்கிறது என்றார்கள்.

ஆதிமூலம் ஃபோனில் சொல்லாமல் நேரில் வந்தார்.

"எனக்கும் மனசு ஒப்பல. ஆனா சிமென்டு, கம்பி எல்லாம் ஏறிப்போய் பாதி வீடு தூக்க முடியாம நிக்குது. இவங்க வந்தாத்தான் மீதி வேலை நடக்கும். மூடிடு லதாம்மா. மேல மூணு மாடியும் ஏத்திடலாம்."

"மலை தெரியும்னு படம் காட்டி சொல்லியிருக்கோம்ணா."

"அக்ரிமென்டுல மலைன்னு ஒரு வார்த்தை கெடையாது."

"அக்ரிமென்டுல இல்ல. நான் சொன்னேன்."

ஆதிமூலம் பிளானை அவர் பக்கம் தள்ளினார். "வேற வழி இருந்தா நீயே சொல்லு. நாலு நாள் டயம் எடுத்துக்கோ."

கனகலதா மறுபடியும் நாற்காலியும் ஏணியுமாக நிலத்துக்குப் போனார். முடியாது என்று சொல்லிவிட்டு வேலையை விடலாம் என்றும் தோன்றியது. விட்டால் வேறு யாரோ மூன்று மாடியும் மூடித் தருவார்கள். இடைவெளியில் கீழ்த்தளம் மட்டும் கட்டி, அதோடு நிறுத்தினால் என்ன ஆகும் என்று அளந்து பார்த்தார். தளமும் கைப்பிடிச் சுவரும் சேர்த்துப் பதினாறு அடி. தூரத்தில் இருக்கும் வீடுகளுக்கு அதற்கு மேல் மலை நன்றாகவே தெரிந்தது. கட்டிடத்துக்கு நேர் பின்னால் முதல் வரிசையில் இருக்கும் நான்கு வீடுகளுக்கு மட்டும் கீழ்த்தளத்தில் மறைந்தது. அந்த வீடுகளிலும் மாடி பால்கனிக்குப் போனால் தெரியும். நான்கில் ஒன்று ஐந்தாம் நம்பர்.

"ஒரு தளம் மட்டும்னா போடுறேன்" என்று ஆதிமூலத்திடம் சொன்னார். "மேல போர்டு, டவர் எதுவும் நிக்கக் கூடாது."

"இப்ப ஒண்ணு போடு. மேல ஏத்துறத அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறமும் ஏத்த முடியாதுங்கண்ணா. அந்த முப்பதடிக்கு மட்டும் பில்லர் தனியா வருது, ரெண்டு பக்கத்துக் கட்டிடத்தோடயும் ஒட்டாது. ஒரு ஸ்லாப் தாங்குற அளவுக்குத்தான் அஸ்திவாரமும் கம்பியும் போடச் சொல்லப்போறேன். அதுக்கு மேல வச்சா நிக்காது. உங்களுக்கு அப்புறம் யார் வந்தாலும் வைக்க முடியாது. முன்னாடியே சொல்லிடுறேன், தெரிஞ்சே ஒத்துக்கணும்."

ஆதிமூலம் அவரைப் பார்த்தார். "என் கையையே கட்டிப்போடுற."

"ஆமாங்கண்ணா."

அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. கண்ணாயிரத்தைக் கூப்பிட்டு, "பொண்ணு சொல்றபடியே போடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். கண்ணாயிரம் அந்த பிளானில் கையெழுத்துப் போட்டபோது பில்லர் அளவை இரண்டு தடவை படித்தார்.

நான்கு குடும்பங்களுக்கு விஷயத்தைச் சொல்லும் வேலை மீதி இருந்தது. ஆபீஸ் ஆள் ஃபோனில் சொல்லிவிடுவான் என்றார் ஆதிமூலம். கனகலதா ஒத்துக்கொள்ளவில்லை. தானே போனார். இரண்டு குடும்பம், பால்கனி இருந்தால் போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டது. அதில் ஒரு அம்மா, சூப்பர் மார்க்கெட் எப்போது திறப்பார்கள் என்று ஆர்வமாகக் கேட்டார்.

மூன்றாவது, சடையன். தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பிளானைக் கையால் தொடக்கூட இல்லை.

"கட்டுறவங்க ஆயிரம் சொல்லுவாங்க, எனக்குத் தெரியும். நீங்க நாற்காலி போட்டு உக்காந்து பாத்தீங்கன்னு கேள்விப்பட்டுத்தான் பதிவு பண்ணேன். உங்க பேச்சை நம்பி வந்தது, ஆதிமூலத்தை நம்பி இல்ல."

"தப்புதாங்க."

"தப்புன்னு சொல்லிட்டா ஆச்சா?"

அந்த வாரமே அவர் பதிவை ரத்து செய்தார். பிறகு ஊருக்குள் வேறு எங்கோ வீடு வாங்கினார். ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் எதிரெதிரே வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட மறுக்க முடியாது என்று கனகலதா இன்றைக்கும் நிர்மலிடம் சொல்வதுண்டு.

நான்காவதாக அருணாதேவி வீட்டுக்குப் போனார். அருணாதேவி ட்யூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். ஆதவன்தான் பேசினார்.

"எத்தனை அடி வருதுங்க அந்தச் சுவரு?"

"மொத்தம் பதினாறு."

"கட்டில்லேர்ந்து பாத்தா உச்சியாவது?"

"தெரியாதுங்க. படுத்தாலும் தெரியாது, உக்காந்தாலும் தெரியாது."

"சரிங்க. அந்த ஜன்னலுக்கு இழுக்குற கதவா, தொறக்குற கதவா?" என்று கேட்டார்.

"இழுக்குறதுதான் போட்டிருக்கேன். உங்க கைக்கு எட்டும்."

"நல்லதுங்க."

அவர் திட்டியிருந்தால் தேவலை என்று கனகலதாவுக்குத் தோன்றியது. வாசல்படி இறங்கியதும் அலுவலகத்துக்குப் போகாமல் ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்தி, பையிலிருந்த லேஅவுட் பிளானைப் பிரித்துப் பார்த்தார். கீழ்த்தளத்திலேயே மலை தெரிகிற வீடுகள் எவை? அதில் யாருக்கு மலை அவ்வளவு முக்கியமில்லை? ஒவ்வொரு நம்பராக விரல் வைத்துக்கொண்டு வந்தவர் பதினேழில் நிறுத்தினார்.

பதினேழாம் நம்பர், மூன்றாம் வரிசையில் தெற்கு ஓர வீடு. காம்ப்ளெக்ஸ் முடிகிற இடத்தைத் தாண்டி மலையைப் பார்க்கலாம். அதைப் பதிவு செய்திருந்தது அபிநந்தனும் வர்ஷாவும். கனகலதாவுக்குத் தூரத்துச் சொந்தம். அபிநந்தனுக்கு உரக்கடை. வர்ஷா கலெக்டர் ஆபீசில் கிளார்க். அந்த வீட்டு பிளானில் வர்ஷாவுக்கு ஒரு குறை உண்டு. அவர்கள் வீட்டில் இன்னும் சமண வழக்கப்படி பொழுது சாயும் முன்னே சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். வர்ஷா வேலை விட்டு வந்து சமைப்பதற்குள் வெளிச்சம் போய்விடுகிறது. மேற்கு வெயில் வரும் சமையலறை கேட்டிருந்தாள். பதினேழில் மேற்கே அடுத்த வீட்டின் மாடிப்படி மறைத்தது. செய்ய முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு கனகலதா அவர்கள் வீட்டுக்குப் போனார். தட்டு போட்டார்கள், சேர்ந்து சாப்பிட்டார். சாப்பாடு முடிந்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். மறைக்கவில்லை. ஐந்தாம் நம்பரில் கீழே மலை தெரியாது, ஓர வீட்டைவிட மனையும் கொஞ்சம் சின்னது, எதிரே சூப்பர் மார்க்கெட்டின் பின்சுவர்தான் இருக்கும் என்று முதலில் சொன்னார். பிறகு, எதிரே தெருவும் தாழ்ந்த தளமும் மட்டும் இருப்பதால் பொழுது சாயக் கொஞ்சம் முன்னே வரைக்கும் மேற்கு வெயில் விழும் என்றார்.

"எனக்கு மலை முன்னால இருந்தா இன்னா, பின்னால இருந்தா இன்னா அக்கா" என்றான் அபிநந்தன்.

வர்ஷா அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்ளவில்லை. "ஓர வீடுன்னுதான் எங்க அம்மா சந்தோஷப்பட்டாங்க. லாரி வந்து சாமான் எறக்குமா அந்தப் பின்பக்கம்?"

"எறக்கும். காலைல ஏழு மணிக்குள்ள முடிக்கச் சொல்லி எழுதி வாங்குறேன். ஆனா அதுவும் எப்பவும் நடக்கும்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

"யோசிச்சு சொல்றோம்க்கா."

பத்து நாள் யோசித்தார்கள். வர்ஷா தானே ஒருநாள் ஆபீஸ் முடிந்ததும் நிலத்துக்குப் போய், ஐந்தாம் நம்பரின் அஸ்திவாரத்தில் நின்று, வெயில் போகிறவரைக்கும் பார்த்திருக்கிறாள். அடுத்த நாள் ஃபோன் செய்தாள். "சமையல் மேடை ஜன்னலுக்கு நேரா வரணும். சாப்பிடுற மேஜையும் அங்கயே. அப்படிப் போட்டா மாத்திக்கிறோம்."

இரண்டு வீடுகளும் அப்போது அஸ்திவாரத்தோடு நின்றிருந்ததால் மாற்ற முடிந்தது. ஐந்தில் சமையலறை மேற்கே வந்தது. சரிவுப் பாதையும் அகலக் கதவுகளும் தாழ்ந்த ஜன்னலும் பதினேழுக்குப் போயின. ஆதிமூலம் பத்திரத்தில் நம்பர் மாற்றக் கையெழுத்துப் போடும்போது, "ஒரு ஜன்னலுக்கு இவ்ளோ அலைச்சலா" என்றார். ஆனால் பதினேழுக்குக் கூடுதலாகத் தேவைப்பட்ட கைப்பிடிக் கம்பிகளை அவரே கீழ்பென்னாத்தூர் பட்டறையில் செய்யச் சொல்லி அனுப்பினார்.

2024 கடைசியில் எல்லோரும் குடிவந்தார்கள். சூப்பர் மார்க்கெட் நன்றாக ஓடுகிறது. பௌர்ணமிக்கு மேலே ரூம்புகள் நிரம்பிவிடுகின்றன. லாரி சில நாள் எட்டரைக்குத்தான் வருகிறது. வர்ஷா அப்போது ஃபோன் செய்வாள், கனகலதா மேனேஜருக்கு ஃபோன் செய்வார். இரண்டு வாரம் சரியாக வரும்.

ஆதவனின் ஜன்னலில் முழு மலையும் தெரியவில்லை. உச்சியும் இடதுபக்கச் சரிவும் தெரியும். குடிவந்த முதல் மாதம் அவர் அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை என்று அருணாதேவி சொன்னார். பிறகு காம்ப்ளெக்ஸின் வடக்குக் கோடியில் சூப்பர் மார்க்கெட் வேண்டாமென்று விட்டிருந்த சின்னக் கடையை வாடகைக்கு எடுத்தார். கிரிவலத்துக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு வேன் ஏற்பாடு செய்து தருகிறார். தானே நாற்காலியை உருட்டிக்கொண்டு காலையில் போகிறார், பொழுது போய்த்தான் வருகிறார். இப்போதெல்லாம் பகலில் அந்த ஜன்னலோரம் அவர் இருப்பதே கம்மி. அதைக் கேட்டபோது கனகலதா வாய்விட்டுச் சிரித்தார்.

அவர் வேலையில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. வீட்டிலிருந்து மலை தெரியுமா என்று யாராவது கேட்டால், "இன்னிக்குத் தெரியுது. எதிர்ல யார் இன்னா கட்டுவாங்கன்னு எனக்குத் தெரியாது" என்கிறார். அதைக் கேட்டு எழுந்து போனவர்களும் உண்டு. கண்ணாயிரம் ஒருமுறை, "இப்படிப் பேசினா வேலை வருமாம்மா?" என்று கேட்டார். வந்துகொண்டுதான் இருக்கிறது.

போன மாதம் வந்தது ஒரு சந்தைக் கூரை வேலை. வாரச் சந்தை கூடும் இடத்தில் நிரந்தரமாகக் கொட்டகை போட வேண்டும். கனகலதா அளவெடுக்கச் சந்தை நாளில் பஸ் ஏறிப் போனார். ஒரு ஓரமாக நின்று கத்திரிக்காய்க் கூடையோடு வந்த பெண்ணை நிறுத்தி, "கொஞ்சம் அப்படியே நில்லுங்க, கூடையை எறக்காதீங்க" என்றார். கூடையின் உச்சிவரை டேப்பைப் பிடித்து அளந்தார்.

"எதுக்கும்மா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"குனியாம உள்ள வரணுமில்ல, அதுக்குத்தான்."

"அப்ப எங்க வீட்டுக்காரரையும் அளந்துக்க. மூட்டை மேல மூட்டை வச்சுக்கினு வருவாரு."

கனகலதா அவர் வரும்வரை காத்திருந்தார்.